முப்பத்தொரு வயதில் கடற்படைத் தளபதி

1964 செப்டம்பர் 2, பொழுது விடியும் முன்னே லாபிஸுக்குப் போர் வந்துவிட்டது. ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய மூன்று ஹெர்குலிஸ் விமானங்களில் ஒன்று வழியில் கடலில் விழுந்தது. மற்ற இரண்டும் இடிமழைக்கு நடுவே ஜொகூர் வானத்துக்குள் நுழைந்து 96 இந்தோனேசிய வான்குடை வீரர்களை லாபிஸ் வட்டாரத்தில் இறக்கின. காற்றும் மழையும் அவர்களை மூலைக்கு ஒருவராகச் சிதறடித்தன. கூர்க்கா, நியூசிலாந்துப் படையினர் ஏறத்தாழ ஒரு மாதம் தேடினார்கள். 90 பேர் கொல்லப்பட்டோ பிடிபட்டோ போனார்கள். வீரர்கள் இறங்கிய மறுநாளே மலேசியா முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிடிபட்ட ஆயுதங்களை உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார். தாக்குதலைக் கண்டிக்கும் தீர்மானத்தை சோவியத் யூனியன் தன் தடை வாக்கால் விழச்செய்தது.

அதே நாட்களில் கடலிலும் பதற்றம். பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பலான விக்டோரியஸ் ஆகஸ்ட் இறுதியில் சுந்தா நீரிணை வழியாக ஆஸ்திரேலியா போயிருந்தது. அது திரும்பி வரும் பாதையை வைத்து லண்டனும் ஜகார்த்தாவும் மோதிக்கொண்டன. கடைசியில் செப்டம்பர் 12-இல் கப்பல் லொம்போக் நீரிணை வழியாக வந்து சேர்ந்தது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்று மலேசியக் கடற்படையின் தலைமையில் மலேசியர் யாரும் இல்லை. தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் 1960 முதல் ஆஸ்திரேலிய அதிகாரிகளுமே அந்த நாற்காலியில் இருந்தார்கள். கன்ஃப்ரன்டாசி எனப்பட்ட இந்த இந்தோனேசிய மோதலின் காலத்தில் தளபதிகளாக இருந்த சின்னட், டொலார்ட் இருவரும் ஆஸ்திரேலியர்கள். 1967 டிசம்பரில்தான் அந்த நாற்காலி முதன்முறையாக ஒரு மலேசியருக்குக் கிடைத்தது. அவர் ஒரு தமிழர், கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு வயது 31.

கோலாலம்பூர் விக்டோரியா கல்வி நிலையத்தின் மாணவர் அவர். ஐம்பதுகளில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, இங்கிலாந்தின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில் பயின்று வந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் முழுக் கடற்படையும் அவர் பொறுப்பில் வந்தது. துங்கு அப்துல் ரஹ்மானின் அரசு அவரது திறமையையும் பயிற்சியையும் பார்த்துத்தான் அந்த முடிவை எடுத்திருக்க முடியும். ஒப்புக்காகக் கொடுக்கிற பதவி அல்ல அது. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்துபோன பிறகு மலேசியக் கடற்படையின் தலைமைத் தளமே வேறொரு நாட்டின் உட்லண்ட்ஸில் இருந்தது. ஒருபுறம் தீபகற்பம், மறுபுறம் சபா, சரவாக், நடுவே தென்சீனக் கடல். இத்தனையையும் காக்க இருந்த கப்பல்களோ கொஞ்சம்.

அவர் பொறுப்பில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் கடற்படையின் முகம் மாறியது. பிரான்சின் செர்பூர் துறைமுகத்தில் கட்டப்பட்ட பெர்டானா, செராங், கானாஸ், கன்யாங் என்ற நான்கு விரைவுக் கப்பல்கள் 1972–73-இல் சேர்ந்தன. எக்சோசெட் ஏவுகணை ஏந்திய அந்தக் கலங்கள், ரோந்துப் படகுகளை நம்பியிருந்த படைக்குப் புதிய பலம். லுமுட்டைத் தாயகத் தளமாக்கும் திட்டமும் அந்தப் பத்தாண்டில்தான் உருவெடுத்தது. ரியர் அட்மிரலாக உயர்ந்த தனபாலசிங்கம் 1976-இல் ஓய்வு பெற்றார். பலர் பணியில் அப்போதுதான் தலையெடுக்கிற நாற்பது வயதில் அவருடைய சேவை நிறைவடைந்துவிட்டது.

அவர் காலத்தில் கடற்படைக்கு விமானப் பிரிவு இல்லை. 1988-இல் பழைய வாஸ்ப் ஹெலிகாப்டர்களுடன் அது தொடங்கியது. பின்னர் சூப்பர் லின்க்ஸும் பிரெஞ்சுத் தயாரிப்பான ஃபென்னெக்கும் வந்தன. 2024 ஏப்ரல் 23 அன்று லுமுட்டில் அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு கடற்படை ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் தமிழ் அதிகாரி. இந்தப் பணியில் நம் பிள்ளைகள் இல்லவே இல்லை என்று சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி.

ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆயுதப்படையில் மலாய்க்காரர் அல்லாதோர் போதவில்லை என்பதைத் தற்காப்பு அமைச்சே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: ஆட்சேர்ப்பு இயக்கம், விளக்கக் கூட்டம், பதாகை. ‘சேர வாருங்கள்’ என்ற அழைப்புக்குக் குறைவில்லை. சேர்ந்த பிறகு எதுவரை போகலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

லாபிஸ், சாஆ, பெக்கோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் பெற்றோர் கேட்பது அதைத்தான். பையன் எஸ்.பி.எம். முடித்துச் சேர்ந்தால் இருபது ஆண்டு கழித்து எந்தப் பதவியில் இருப்பான்? திறமை இருந்தால் மேலே போவானா, பாதியில் நின்றுவிடுவானா? சிங்கப்பூரில் வேலைக்குப் போனால் மாதச் சம்பளம் எவ்வளவு என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டாலே தெரிந்துவிடும். கடற்படையில் கிடைக்கும் வளர்ச்சியைக் காட்ட அவர்கள் கண்முன் ஆள் இல்லை.

அப்படி ஆள் கண்முன் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். 1961-இல் அந்நாட்டுக் கடற்படை பிரான்சின் இயேர் நகரில் அலீஸே விமானப் படைப்பிரிவைத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதம் விக்ராந்த் கப்பலில் விமானத்தை இறக்கிய முதல் இந்திய விமானி ஆர். எச். தஹிலியானி. 1984-இல் அவரே கடற்படைத் தலைவரானார். 2004-இல் மற்றொரு விமானி, அருண் பிரகாஷ், அதே இடத்துக்கு வந்தார். இன்று அரக்கோணத்தின் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் பயிற்சி பெறும் ஓர் இளைஞன் தன் பாதை எங்கே போகும் என்பதைக் கண்கூடாகக் காணலாம். ஒரு படைக்கு ஆள் சேர்ப்பதில் இதைவிட வலுவான விளம்பரம் கிடையாது.

பழி அரசின் மீது மட்டும் இல்லை. சீருடைப் பணி என்றாலே போலீஸ் என்று நின்றுவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சுங்கை பீசியின் அரச இராணுவக் கல்லூரி, தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் பற்றியெல்லாம் படிவம் மூன்றிலேயே பிள்ளைகளிடம் பேச வேண்டும். படிவம் ஐந்து முடிந்த பிறகு விசாரித்தால் வேளை கடந்துவிடும். கோவில் நிர்வாகங்களும் இளைஞர் மணிமன்றங்களும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

என்றாலும் முதல் அடியை அமைச்சுதான் எடுத்துவைக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கோடு, எந்த இனத்தவர் எத்தனை பேர் லெப்டினன்ட் கமாண்டராக, கமாண்டராக, கேப்டனாக உயர்ந்தார்கள் என்ற கணக்கையும் அது ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். சிகாமட்டிலும் லாபிஸிலும் அடுத்த ஆட்சேர்ப்புக் கூட்டம் நடக்கும்போது, மேடையில் இன்று பணியில் இருக்கும் தமிழ் அதிகாரி ஒருவர் பேசட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.