வானத்துக் கண்ணும் தரைமேற் காலும்



விடுமுறை வந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்று பிள்ளைகள் நம்மைக் கேட்ட காலம் ஒன்று உண்டு. இன்றோ அவர்களே கைபேசியை நம் முன் நீட்டி, "இங்கே போகிறோம்" என்கின்றனர். திரையில் தெரிவது வானிலிருந்து எடுக்கப்பட்ட படம். சிங்கவரத்துக் குன்றும் செஞ்சிக் கோட்டையும் அதில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பனபோல் தோன்றும். அனுமதிப்பதா, தடுப்பதா எனப் பெற்றோர் திகைக்கின்றனர்.

பிள்ளைகள் நாடும் இவ்விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். செயற்கைக்கோள் வழியே இடமறியும் கருவிகளின் துல்லியத்தை அமெரிக்க அரசு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கிற்று. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் வேறொன்றை வைக்க வேண்டும். அவ்வளவே விதி.

இடத்தை எண்ணால் குறிக்கும் கலை நமக்குப் புதிதன்று. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையருகே சங்கிலி பிடித்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவையே அளந்த பெரும்பணியின் தொடக்கம் அது. அன்று வெயிலில் நின்று அளந்ததை இன்று பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்தே காண்கின்றனர். நம் விண்வெளி ஆய்வு நிறுவனமும் 2009-இல் 'புவன்' என்னும் வரைபடச் சேவையைத் தொடங்கியது.

இப்படங்கள் பயனுடையவையே. பாதை எங்கே பிரிகிறது, ஏரி எங்கே உள்ளது, வண்டி எதுவரை செல்லும் என்பவற்றைப் புறப்படுமுன்பே அறியலாம். ஆயினும் மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உயரம் தெரியாது. செஞ்சியின் இராசகிரி உச்சிக்குச் செல்லும் வழியில் ஒரு பிளவு உண்டு. பாலத்தின் வழியேதான் அதைக் கடக்க வேண்டும். படத்தில் அது மெல்லிய நிழற்கோடு, நேரில் அதலபாதாளம்! சுல்ஃபிகர் கானின் மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை வெல்ல முயன்று காத்துக் கிடந்ததே! கண்ணுக்கு ஒரு சாண், காலுக்கு ஒரு காதம்.

படம் எடுத்த பருவமும் கருதத்தக்கது. கோடையில் வறண்ட ஏரிக்குள் தெரியும் ஒற்றையடிப் பாதை, ஐப்பசி மழைக்குப் பின் நீருக்கடியில் கிடக்கும். முள்வேலியும் கருவேலங்காடும் பசுமைத் திட்டாகவே தோன்றும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். செஞ்சி வட்டாரம் ஏறத்தாழ 12 பாகை 15 கலை வட அட்சத்தில் உள்ளது. இதைத் தசம முறையில் 12.25 என்று எழுதுவர். அதையே 12 பாகை 25 கலை என ஒருவன் படித்துவிட்டால், வடக்கே 18 கிலோமீட்டருக்கு அப்பால் போய் நிற்பான். மாலை மயங்கும் வேளையில், தண்ணீர்ப் புட்டி காலியான நிலையில், ஒரு புள்ளியின் பொருள் மாறியதால் வழிதவறிய மகனை எண்ணிப் பாருங்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயில் உள்ளது. அருகிலுள்ள திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசிரியர் ஒருவரை நினைவுகூரும் பழங்கல்வெட்டும் அங்குள்ளது. பிறர் வணங்கும் இடத்தில், துறவி ஒருவர் உயிர்நீத்த பாறையில், நாம் பெட்டி செருகி விளையாடலாமா? நம் கல்லறைத் தோட்டத்தில் பிறர் அவ்வாறு செய்தால் நம் மனம் பொறுக்குமா? செஞ்சிக் கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. அங்கே தோண்டுவதும் கல்லைப் பெயர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

அப்படியாயின் பிள்ளைகளைத் தடுத்துவிடலாமா? வேண்டாம். பெட்டியே இல்லாமல், இடத்துக்குச் சென்று கேள்விக்கு விடை கண்டு வரும் வகையும் இவ்விளையாட்டில் உண்டு. "குன்றின்மேல் உருவங்கள் எத்தனை வரிசையில் உள்ளன?" என்று கேட்டு அனுப்புங்கள். விடையோடு வருபவன் ஒரு வரலாற்றையும் சுமந்து வருவான்.

தனியே அனுப்பாதீர்கள். விடியற்காலையில் புறப்படச் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். வழியைத் தாளிலும் எழுதி, ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் எல்லையில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம், "ஐயா, இவ்வழியே போகலாமா?" என்று கேட்கப் பழக்குங்கள். செயற்கைக்கோள் காணாத பள்ளத்தை அவர் கால்கள் அறியும்.