உடம்பின் கணக்கு யாருக்குச் சொந்தம்?

தருமபுரி மாவட்டத்தில் பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்களைப் பார்ப்பது அரிதல்ல. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் இதில் பங்கில்லை. பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும் ஃப்ளோரைடுதான் காரணம். குடிநீரில் இது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டிய நீரை, பல் உருவாகும் வயதில் குடித்த குழந்தைக்குக் கறை வாழ்நாள் முழுக்க நிற்கும். பல வருடங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும்.

ஒரு கிணற்றில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். அது உடம்பை என்ன செய்தது என்பதைச் சொல்ல, ஒரு குழந்தை வாயைத் திறந்து பல்லைக் காட்ட வேண்டும். ஒரு பெரியவர் தன் மூட்டு வலியைச் சொல்ல வேண்டும். 1937ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக மருத்துவ உலகுக்குத் தெரிந்ததும் அப்படித்தான். 2013ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. நோய் இருப்பது தெரிந்தால்தானே தண்ணீர் வரும்!

இன்னொரு உதாரணமும் இதே மாவட்டத்தில் உண்டு. 1993ல் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கிக்கு ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதியர் வந்தனர். அப்போது அங்கே பிறக்கும் 1000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. பின்னாளில் அது 20 அளவுக்குக் குறைந்தது. உள்ளூர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகி, ஊர் ஊராகப் போய் வேலை செய்தார்கள். பிறப்பையும் இறப்பையும் எண்ணாமல் விட்டிருந்தால், 147 என்பதும் தெரியாது, 20 ஆனதும் தெரியாது.

அப்படியென்றால் கேட்பவர்களுக்கெல்லாம் உடல்நலத் தகவலைக் கொடுத்துவிடலாமா? கூடாது.

2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பழங்குடி மாணவிகள் பலருக்காக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது பெற்றோர் அல்ல, விடுதிக் காப்பாளர்கள். 2010ல் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013ல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை என்பதே தவறு.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். சென்னைக்கு அது ஓரளவு பொருந்தும். நாற்பது வீடுள்ள மலைக் கிராமத்தில் வயது, நோய், ஊர்ப் பெயர் மூன்றையும் போட்டால் யார் என்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். பல் கறைக்கே பெண் பார்க்க வந்தவர்கள் யோசிக்கிற இடத்தில், காசநோயோ மனநோயோ வெளியே தெரிந்தால் என்னவாகும்?

2023ன் மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் குறித்து முடிவெடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சிக்கு, உரிய நெறிமுறைகளைப் பின்பற்றினால் விலக்கு தருகிறது. சட்டம் விலக்குத் தரலாம். மரியாதைக்கு விலக்கு கிடையாது.

ஆகவே தகவல் கொடுப்பது நல்லது. ஆனால் மூன்று விஷயங்கள் வேண்டும். எதற்காக என்பதைப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். மறுத்தாலும் மாத்திரையும் சிகிச்சையும் நிற்காது என்ற உறுதி வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவை அந்த ஊருக்கே திரும்பி வந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ரத்தம் கொடுத்தவருக்கு அதில் என்ன இருந்தது என்று சொல்லாமல் போவது, கடன் வாங்கிவிட்டு ஊரை விட்டுப் போவதற்குச் சமம். சொல்லிவிட்டுப் போகிறவர் அடுத்த முறை வந்தால், கதவு தானாகவே திறக்கும்.