நடுநிலையா, நழுவும் நிலையா?

சாந்தோம் பக்கத்திலே, நொச்சிக்குப்பத்து மணலிலே வலை உலர்த்தும் தோழரைக் கேளுங்கள், கடலிலே படகு கவிழ்ந்தால் என்ன செய்வீர் என்று. "வலையை விட்டுவிட்டு ஓடுவோம், தத்தளிப்பவனைத் தூக்குவோம், படகு யாருடையது என்று பிறகு கேட்போம்" என்பார். உலக மன்றத்திலே அமரும் டில்லியாரோ, "நாங்கள் நடுநிலை" என்று கைகட்டி நிற்கிறார்கள்!

உக்ரைன் மண்ணிலே ருஷ்யப் படை புகுந்தது. 2022 மார்ச் 2-ல் ஐ.நா. பொதுப்பேரவையிலே 141 நாடுகள் கண்டித்தன, இந்தியா ஒதுங்கிற்று. காசாவிலே போர் நிற்கட்டும் என்று 2023 டிசம்பரில் வாக்களித்த அதே இந்தியா, 2025 ஜூனில் 149 நாடுகள் அதையே கேட்டபோது ஒதுங்கிற்று. தொலைதூரத்துப் பூசல், நமக்கேன் என்பர். இலங்கையுமா தொலைதூரம்? இராமேசுவரத்துக்கு அது அண்டை வீடன்றோ!

ஜெனிவா மனித உரிமை மன்றத்திலே டில்லி ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலின் ஈரம் காயுமுன்பே, கொழும்புக்கு ஆதரவாக வாக்கு. 2012-லும் 2013-லும் கொழும்பிடம் பொறுப்புக் கேட்ட தீர்மானங்களுக்கு ஆதரவு. 2014, 2021, 2022 ஆகிய மூன்று முறையும் ஒதுங்கல்! மடிந்தவர் தமிழர், மாறியது யார் மனம்?

கொழும்பைப் பகைத்தால் சீனம் நுழையும் என்பது அவர்கள் வாதம். அதையும் நிறுத்துப் பார்ப்போம். 2017-லேயே அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2021 பிப்ரவரியிலே, கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையம் பற்றி இந்தியாவோடும் ஜப்பானோடும் செய்த உடன்பாட்டை இலங்கை கைவிட்டது. மறுமாதமே ஜெனிவாவில் டில்லி மௌனம்! 2022 ஆகஸ்டில் சீனத்து யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. அக்டோபரில் மீண்டும் மௌனம்! விலை கொடுத்தோம், சரக்கு எங்கே?

பசியால் வாடிய இலங்கைக்கு 2022-ல் இந்தியா உதவியதைக் குறை கூறோம். தமிழகமும் அரிசி அனுப்பிற்று. பசித்தவனுக்குச் சோறு தருவது பண்பு. சோறு தந்த கை, நீதிக்காக உயர மறுப்பதுதான் புரியவில்லை.

ஒரு நாளை நினைவூட்டுகிறோம்: மார்ச் 23. 1974-ல் கச்சத்தீவு கைமாறிற்று. 1976 மார்ச் 23-ல் கைமாறிய கடிதங்கள், எல்லைக்கு அப்பால் நம் மீனவர் மீன் பிடிக்கலாகாது என்றன. அன்று கோட்டையிலே மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியே இல்லை. ஜனவரி 31-லேயே கலைத்துவிட்டார்கள். சரியாக 45 ஆண்டு கழித்து, 2021 மார்ச் 23-ல், தமிழகம் தேர்தல் களத்தில் நின்றபோது, ஜெனிவாவில் ஒதுங்கினார்கள். அன்றும் நம்மைக் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை.

நொச்சிக்குப்பத்துப் படகு கச்சத்தீவுக்குப் போவதில்லைதான். ஆனால், தென்கோடி மீனவன் கைதானால் வடகோடிக் குப்பத்திலும் அடுப்பங்கரையிலே கலக்கம். நாம் கேட்பது டில்லியின் நாற்காலியை அல்ல. தமிழர் உயிரும் தொழிலும் தொடர்புடைய வாக்கெடுப்புக்கு முன்னே, தமிழகச் சட்டமன்றத்தைக் கலந்து பேசுங்கள்; வாக்களித்த பின், காரணத்தை நாடாளுமன்றத்திலே நவிலுங்கள்.

துலாக்கோலின் முள் நடுவிலே நிற்பது, இரு தட்டையும் நிறுத்த பிறகுதான். நிறுக்காமலே நிற்கும் முள்ளுக்கு நடுநிலை என்றா பெயர்?