பகலில் தெரியும் கேமரா, இருட்டினால் அணைவது ஏன்?

வத்தலக்குண்டைச் சுற்றித் தென்னந்தோப்புகள் அதிகம். தோப்பு வீட்டில் அப்பா, அம்மா மட்டும் இருக்க, பிள்ளை திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பார். தோப்பு வாசலில் ஒரு கேமரா இருந்தால் அவருக்கு நிம்மதி.

வீட்டிலிருந்து வாசல் வரை 70 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவோடு வந்த கேபிள் எட்டாது. விலை குறைவான லேன் கேபிளை வாங்கி நீட்டிவிடுகிறார்கள். பகலெல்லாம் படம் பளிச்சென்று தெரிகிறது. ராத்திரி ஏழு மணிக்கு போனைத் திறந்தால் கறுப்புத் திரை.

“ஏம்மா, அங்க கரன்ட் இல்லையா?”

“இருக்கேப்பா, ஃபேன் ஓடுதே!”

கேமராவைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். பல ஐ.பி. கேமராக்களில் படம், மின்சாரம் இரண்டும் ஒரே லேன் கேபிளில்தான் போகின்றன. இதை ‘பி.ஓ.இ.’ என்பார்கள். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். அப்போது மின்சாரம் கூடுதலாகத் தேவை. வழியிலேயே கேபிள் அதை விழுங்கிவிட்டால், கேமரா அணைந்து அணைந்து எரியும்.

கேமராவைக் கழற்றி வந்து, சின்ன கேபிளில் இணைத்து ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். சரியாக ஓடினால், கோளாறு பெரும்பாலும் நீட்டிய கேபிளில்தான்.

செம்பா, முலாமா? ‘சி.சி.ஏ.’ கேபிளின் உள்ளே இருப்பது அலுமினியம்; மேலே செம்பு முலாம் மட்டுமே. அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு தூரம்? லேன் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். சாதாரண பி.ஓ.இ. முறையில் 15.4 வாட் கிளம்பினால், மறுமுனைக்கு உத்தரவாதம் 12.95 வாட்தான். நல்ல செம்பிலேயே இவ்வளவு இழப்பு உண்டு.

பழைய போன் கேபிள்? கூடாது. தட்டையான அந்த கேபிளில் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்காது. இரைச்சலைக் குறைப்பது அந்த முறுக்குதான்; 1881-லேயே கிரஹாம் பெல் இதற்குக் காப்புரிமை பெற்றார். போன் ஜாக் சின்னது என்பதால் லேன் துளைக்குள் நுழைந்துவிடும், ஆனால் ஓரத்துப் பின்களை வளைத்துவிடும். போன் கேபிளின் இரு முனைகளிலும் கம்பி வரிசை தலைகீழாக இருப்பதும் உண்டு. போன் அதைத் தாங்கும். மின்சாரமும் சேர்ந்து போகும் கருவி தாங்காது.

வண்ண வரிசை? இரண்டு ஜாக்கையும் ஒரே திசையில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக இரண்டிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும். பரவலான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

முடிந்தவரை ஒட்டு இல்லாத ஒரே கேபிளாகப் போடுங்கள். வெயில் தாங்கும் வெளிப்புற வகையாக வாங்குங்கள். மோட்டார் ஒயர் போகும் பைப்பில் இதையும் திணிக்காதீர்கள்.

மண்ணில் புதைக்கும் முன், கேபிளைத் தரையில் விரித்து ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாருங்கள். விடியும்வரை படம் நின்றால், அதன் பிறகு குழி வெட்டுங்கள்.