பழைய கணினியைத் தூக்கிப் போடலாமா?



"அப்பா, இந்தக் கணினியில் இனி ஒன்றும் விளையாட முடியாது. புதுசு வாங்கித் தாங்க!"

கலும்பாங் வட்டாரத்திலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இந்தக் குரல் கேட்காத வீடு குறைவு. கேட்கிற பிள்ளைக்கு வயது பதினாறோ பதினேழோ இருக்கும். அப்பாவோ பகல் முழுவதும் செம்பனைக் காட்டில் குலை வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருப்பார். நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனதே 2025ஆம் ஆண்டில்தான். நல்ல விளையாட்டுக் கணினி ஒன்று அந்தச் சம்பளத்தை ஒரே வாயில் விழுங்கிவிட்டு, அடுத்த மாதச் சம்பளத்திலும் கை வைக்கும். "விளையாட்டுக்கு இவ்வளவு காசா?" என்று அப்பா கேட்க, "படிப்புக்கும் அதுதானே" என்று அம்மா குறுக்கே வர, கடைசியில் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

தாய்மார்களே, தந்தைமார்களே, 'முடியாது' என்று சொல்லவும் வேண்டாம், கடன் வாங்கவும் வேண்டாம். முதலில் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருப்பது மந்திரம் அல்ல. ஆறேழு பாகங்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்த இடம் நம் பினாங்கு. ஆண்டு 1972. ஏ.எம்.டி. நிறுவனமும் அதே ஆண்டில் அங்கே வந்தது. உங்கள் வீட்டுச் செயலியும் பினாங்கில் நம் நாட்டுத் தொழிலாளர் கைபட்டு வந்ததாக இருக்கலாம். அதைக் கண்டு நாம் ஏன் பயப்பட வேண்டும்?

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். குலை வெட்டுகிறவர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும், தள்ளுவண்டி ஒன்றே ஒன்று என்றால் குலைகள் மரத்தடியில்தான் கிடக்கும். அங்கே இன்னொரு வெட்டுக்காரரைக் கொண்டு வந்து பயனில்லை. வண்டிதான் வேண்டும். கணினியும் அப்படித்தான். மெதுவாக ஓடுகிற ஒரு பாகம் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கும். அந்தப் பாகம் எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், பணம் போகும், வேகம் வராது.

அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். 'டாஸ்க் மேனேஜர்' என்ற பலகை வரும். அதில் செயலி, நினைவகம், டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு ஆகிய நான்கும் எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்று தெரியும். கார்டு 95, 100 என்று நின்றால் தடை கார்டில். நினைவகம் நிரம்பி வழிந்தால் தடை அங்கே. டிஸ்க் ஓயாமல் 100 காட்டினால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். கார்டு பாதி வேலையோடு சும்மா இருக்க, ஆட்டம் மட்டும் திக்கித் திக்கி ஓடினால் செயலியைச் சந்தேகிக்கலாம். செயலிக்குள் பல கோர்கள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் திணறினாலும் ஆட்டம் திக்கும். ஆகவே மொத்தக் கணக்கு 100 காட்டவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

துடைப்பதற்குக் காசு வேண்டாம்

நம் பக்கத்துச் செம்மண் தூசி எங்கும் புகும். காற்றாடியில் தூசி அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். தட்டும்போது காற்றாடி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வழங்கும் 'பவர் சப்ளை' பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அது உயிர் விஷயம்.

எதை, எந்த வரிசையில் மாற்றுவது?

கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், முதல் செலவு எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. வினாடிக்கு ஏறக்குறைய 500 மெகாபைட் படிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவதே கடினம். இதனால் ஆட்டத்தின் படங்கள் அழகாகிவிடா. ஆனால் கணினி திறக்கும் நேரமும், விளையாட்டு தொடங்கும் நேரமும் வெகுவாகக் குறையும். தங்கையின் பாடவேலைக்கும் அது உதவும்.

அடுத்தது நினைவகம். ஒரே ஒரு 8 ஜிகாபைட் துண்டு மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து இரண்டாக்குங்கள். இரண்டு துண்டுகள் ஜோடியாக வேலை செய்யும்போது அளவும் கூடும், வேகமும் கூடும். ஆனால் டி.டி.ஆர்.3 வேறு, டி.டி.ஆர்.4 வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. பழைய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் உலகமெங்கும் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஆகவே தேவை உறுதியான பிறகே வாங்குங்கள்.

மூன்றாவது, பிள்ளை ஆசைப்படும் கிராஃபிக்ஸ் கார்டு. இதை வாங்கும் முன் பவர் சப்ளையின் பக்கத்தில் எழுதியிருக்கும் வாட் அளவைப் படியுங்கள். அலுவலகத்தில் ஓடிய பழைய பெட்டிகளில் பெரிய கார்டுக்குத் தேவையான மின்கம்பியே இருக்காது. 2016ஆம் ஆண்டில் வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. 75 வாட்டில் ஓடும். 2024ஆம் ஆண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 6 ஜிகாபைட் வகைக்கு 70 வாட் போதும். இவை மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய கார்டு என்றால் நல்ல பவர் சப்ளையும் சேர்த்து வாங்க வேண்டும். மலிவுப் பெட்டியை நம்பினால், அது போகும்போது மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஒரு பலகை, ஐந்து ஆண்டுகள்

செயலியை மாற்றுவது கடைசி வேலை. இதில் ஓர் நல்ல உதாரணம் உண்டு. 2017ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. தன் முதல் ரைசன் செயலிகளை ஏ.எம்.4 என்ற பொருத்துமுனையோடு வெளியிட்டது. 2022ஆம் ஆண்டில் வந்த ரைசன் 5 5600 செயலியும் அதே முனையில்தான் உட்காரும். பழைய மதர்போர்டின் தயாரிப்பாளர் அதற்கான பயாஸ் நிரலை வெளியிட்டிருந்தால் போதும். பலகையை மாற்றாமலே கணினி இளமையாகிவிடும். பழைய செயலி உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இடி மின்னல் நேரத்தில் அதைச் செய்யக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் பலகையே செத்துப்போகலாம்.

இண்டெல் கதை வேறு. அதன் 7ஆம் தலைமுறைச் செயலிக்கும் 8ஆம் தலைமுறைச் செயலிக்கும் முனையின் பெயர் 1151தான். ஆனாலும் 7ஆம் தலைமுறைப் பலகையில் 8 ஓடாது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள்.

இன்னொரு செய்தி. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இண்டெல் 8ஆம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை முதற்கொண்டுதான் ஏற்றுக்கொள்ளும். அப்பாவின் வங்கிக் கணக்கை அதே கணினியில் திறக்கிறீர்கள் என்றால், இது விளையாட்டு விஷயம் அல்ல.

எப்போது நிறுத்துவது?

ஒரு சூத்திரம் சொல்கிறேன். அடுத்த கணினிக்கும் கூடவே வரக்கூடிய பாகத்தில் பணம் போடுங்கள். எஸ்.எஸ்.டி. வரும், நல்ல பவர் சப்ளை வரும், கார்டும் வரும். டி.டி.ஆர்.3 நினைவகமும், அந்தக் காலத்துச் செயலியும் வரமாட்டா. 2013ஆம் ஆண்டு வாக்கில் வந்த பெட்டி என்றால் எஸ்.எஸ்.டி. ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மீதிக் காசை உண்டியலில் சேருங்கள்.

வாங்கும் இடத்தில்

தஞ்சோங் மாலிமிலோ கோலகுபுபாருவிலோ கொமுட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரல். அங்கிருந்து மோனோரயிலில் இம்பி. பக்கத்திலேயே பிளாசா லோ யாட். ஒரே கடையில் வாங்கிவிடாமல் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். பயன்படுத்திய கார்டு வாங்கினால், 15 நிமிடமாவது உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயம் தோண்டும் வேலை நின்றபோது, இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, வானம் இருண்டால் மின்கம்பியையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். மின்னலுக்கு ரசீது கிடையாது.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வேலையைக் கடைக்காரரிடம் முழுவதும் விட்டுவிடாதீர்கள். எது தடை என்று பிள்ளையே அளந்து, தாளில் எழுதி, விலை விசாரித்து அப்பாவிடம் காட்டட்டும். அப்பாவும் அவனோடு உட்கார்ந்து திருகாணியைக் கழற்றட்டும். தன் கையால் பழுது நீக்கிய பொருளை எந்தப் பிள்ளையும் அலட்சியமாக வைத்திருக்க மாட்டான். நாளைக்கு அதுவே அவனுக்கு ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

பதறாத காரியம் சிதறாது. அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.