கொடுத்தோம் என்ற பெருமை மட்டும் போதுமா?

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. மதுரையில் சிவபெருமானுக்கு வழங்கும் பெயரை இங்கே தாங்கி நிற்பவர் திருமால்! நம் நண்பர்கள் கல்வெட்டைக் காட்டி, "கன்னட நாட்டுக்கும் தமிழ் கொடுத்தவர்கள் நாம்" என்று மார்தட்டுவர். நானும் தட்டியவன்தான். இன்றோ, அதை அரைப் பெருமை என்பேன். கடல் கடந்த நம் துணியின் கதை எனக்கு அதை உணர்த்தியது.

புதுச்சேரியும், மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கரையில் பிரெஞ்சுக்காரர் 1659இல் நிறுவிய செயின்ட் லூயி நகரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில், அவுரி நீலம் தோய்த்த புதுச்சேரித் துணி 'கினே' என்ற பெயரில் அங்கே சென்றது. செனகல் ஆற்றங்கரையில் அது உடை மட்டுமன்று, பணமாகவும் வழங்கிற்று. அதைக் கொடுத்தே வணிகர் வேலம்பிசின் வாங்கினர். வணிகருக்கு இலாபம், நெய்தவன் பெயரை யார் அறிவார்? அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரைத் துணி, ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை அடிமைகளாக வாங்கவும் பயன்பட்டது. நம் பெருமைக் கணக்கில் இவ்வரியையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் வாங்கியவர்கள் வாளா இருந்தனரா? இல்லை. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், சென்னைப் பகுதியில் நெய்த கட்டம் போட்ட துணியை 'இஞ்சிரி' என்றனர். அவர்களுடைய பெண்கள் அத்துணியில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, நம் தறி அறியாத புதுக் கோலங்களைப் படைத்தனர். 'பெலெட்டே பிட்டே' எனப்படும் அத்துணி அவர்தம் சடங்குகளில் சிறப்பிடம் பெற்றது. நெய்தது தமிழ்க் கை; அதைக் கலபாரிக் கலையாக்கியது கலபாரிக் கை. ஆண்டவனோ வணிகனோ இதைக் கற்பிக்கவில்லை.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்பது இதுவே. கொடுத்தவன் பாதி செய்தான். பெற்றவன் மீதியைச் செய்தான்.

தோழர்களே, பெங்களூரில் படிக்கும் நாம் பெறுவதற்கு என்ன செய்தோம்? ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தும், கடைக்காரரிடம் நாலு வார்த்தை கன்னடம் பேசத் தடுமாறுகிறோமே! நம் மன்றத்தில் ஒரு மாலை கன்னட மாணவரை அழைப்போம். அவர்கள் தம் மொழியில் பேசட்டும், நாம் கேட்போம். கல்வெட்டைக் காட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.