ஏஜென்ட்னு பேரு வெச்சா போதுமா? கணக்கு எங்கே?

மக்களே, பி.காம் படிக்கிறவனுக்கு கம்ப்யூட்டர் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. இந்த விஷயத்துல எங்க பாடப்புத்தகம்தான் கை கொடுக்குது.

ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துல வேலை பார்த்த மார்க் வைசர் 1991-ல 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாம வீடு, ஆபீஸ் எல்லாத்துலயும் கலந்துடும்னார். அதுக்குப் பேரு யுபிக்விடஸ் கம்ப்யூட்டிங். அந்தரங்கம் என்னாகும்னு அப்பவே கவலைப்பட்டவரும் அவர்தான்.

இத்தனை சென்சார் கொட்டுற டேட்டாவை யார் பார்க்கிறது? அதுக்குத்தான் 'புத்திசாலி ஏஜென்ட்' மென்பொருள். சலிச்சு, புரிஞ்சு, நமக்காக முடிவெடுக்குமாம்.

இந்த 'நமக்காக'தான் எனக்கு இடிக்குது!

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 எடுத்துக்கோங்க. பிரிவு 213: முதல்வர் கேட்டா முகவர் ஒழுங்கா கணக்கு காட்டணும். பிரிவு 216: முதல்வருக்குத் தெரியாம முகவர் சொந்தமா வியாபாரம் பண்ணி லாபம் பார்த்தா, அந்த லாபத்தை முதல்வர் கேட்டு வாங்கலாம். கமிஷன் மண்டிக்காரருக்கே இவ்வளவு கட்டுப்பாடு.

இப்ப அமெரிக்காவுல விசியோ டிவி கதைக்கு வாங்க. திரையில என்ன ஓடுதுன்னு நொடிக்கு நொடி மென்பொருளே கண்டுபிடிச்சு அனுப்பிச்சு. அது விளம்பரக்காரங்களுக்கு வித்தாச்சுன்னு வழக்கு. மொத்தம் 1.1 கோடி டிவி. 2017-ல 22 லட்சம் டாலர் கட்டி சமரசமா முடிச்சாங்க. வகுத்துப் பாருங்க, டிவிக்கு 20 சென்ட்! இந்த ரேட்டுக்கு யார்தான் பயப்படுவாங்க?

"நீதானே 'சம்மதம்' பட்டனை அமுக்கினே?"ன்னு சிலர் கேப்பாங்க. அந்த டிவியில இருந்த வசதி, நிகழ்ச்சி பரிந்துரைக்காகன்னுதான் சொல்லியிருந்துச்சாம். எதுக்குன்னே தெரியாம குடுத்தா அது சம்மதமா?

டெக்னாலஜி வேணாம்னு நான் சொல்லல. ஏசியைத் தானா குறைச்சு கரண்ட் பில்லை மிச்சம் பண்ணினா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மூணு விஷயம் வேணும். ஒண்ணு, டேட்டாவை முடிஞ்ச வரைக்கும் அந்தக் கருவிக்குள்ளேயே அலசி முடிக்கணும். ரெண்டு, எது வெளியே போச்சு, யாருக்குப் போச்சுன்னு பேங்க் பாஸ்புக் மாதிரி வரிசையா காட்டணும். மூணு, வித்த லாபம் யாருக்குன்னு சட்டம் கேக்கணும்.

சம்பளம் ஒருத்தர்கிட்ட, விசுவாசம் இன்னொருத்தர்கிட்டன்னா அவனுக்கு ஊர்ல ஏஜென்ட்னா பேரு? உளவாளிம்பாங்க.

மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, சண்டை போடலாம் :-)